பாதியில் நின்ற கேசட்

என் மேசை இழுப்பறையில் ஒரு கேசட் கிடக்கிறது. கடைசிவரை ஓடி நின்றது, நின்றபடியே இருக்கிறது. நான் திருப்பிச் சுற்றவில்லை. போன வாரம் மகள், "அப்பா, பழைய ராக் பேண்ட்லாம் கேக்கலாம்னு இருக்கேன், எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

எண்பதுகளில் மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்துத் தங்கி அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். சம்பளத்தில் பாதி இசைத்தட்டுக்கே போனது. யார் எந்த பேண்டைப் பற்றி வந்து கேட்டாலும், அதன் ஆல்பங்களில் சாதுவானதைத்தான் முதலில் கொடுப்பேன். காரம் பழகாதவருக்குத் தயிர்ச்சோறு வைப்பதுபோலத்தான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி யாழ்ப்பாணத்து வழிவந்தவர். கடிதத்தில் ஒரு கமா தவறினாலும் திருப்பி அனுப்புகிறவர். அவருடைய ஒரே மகன் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லோரி மோதி இறந்துபோனான். காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், ஒருநாள் என் மேசையருகே வந்து நின்றார். மகன் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், முதலில் எதைக் கேட்க வேண்டும் என்றார். அவன் கேட்டதைக் கேட்டாலாவது அவனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். வருஷம் திரும்பும்வரை அவர் வீட்டில் ரேடியோகூடப் போடக் கூடாது. அதனால் கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். காரில் கேட்டால் குற்றமில்லையாம்.

வழக்கம்போலச் சாதுவான ஒன்றை என்னிடமிருந்த தட்டிலிருந்து பதிந்து கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவன்ட அறையிலயிருந்து நான் இதைக் கேட்டதில்லை."

பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தேன். அதிகம் கீறல் விழுந்திருந்த தட்டு, புதியவர்கள் யாருக்கும் நான் கொடுக்கவே கொடுக்காதது. காது கிழியும். அதையே பதிந்தேன்.

மதிய வேளையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் மரநிழலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டோம். விபூதி வியர்வையில் வழிய, மேலதிகாரியிடம் திட்டு வாங்குபவர்போல அசையாமல் இருந்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசிப் பாட்டில் கிடார் உச்சத்துக்கு ஏறும்போது டேப் தீர்ந்து நின்றுவிட்டது. கேசட்டின் நீளம் போதவில்லை. மிச்சத்தை வேறு கேசட்டில் போட்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி. இந்த இடத்திலதான் நான் போய்க் கதவைத் தட்டி, நிப்பாட்டடா எண்டு கத்துறனான். இதுக்குப் பிறகு என்ன எண்டு எனக்குத் தெரியாது."

கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பினார். ஓய்வுபெறும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் அந்த ஆல்பத்தைத் தொடவில்லை.

மகளுக்குச் சாதுவானதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது அந்தக் கீறல் விழுந்த தட்டின் பெயர். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவள். அறைக்கு வெளியே ஒரு சத்தமும் வருவதில்லை. நேற்று மாலை அவள் கதவைத் தட்டினேன்.

"என்னப்பா, நிப்பாட்டணுமா?"

"அதக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல போடும்மா. நானும் கேக்கிறேன்."

கடைசிப் பாட்டு வந்தது. டேப் தீர்ந்த இடமும் வந்தது. பாட்டு நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்டேன்.