அடுத்த கட்டிலின் பாட்டு

கல்முனையில், இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு வாரத்தில் இரண்டு நாள், நான்கு மணிநேரம் கட்டுண்டு கிடக்கிறேன். அடுத்த கட்டிலில் முப்பது வயதுக்காரர் ஒருவர். மெலிந்த முகம், வீங்கிய கால்கள். மெசின் ஓடத் தொடங்கியதும் போனில் கொரியாப் பாட்டுப் போடுவார். ஒருநாள் பதினேழு பாட்டு எண்ணியபின் என் பொறுமை போயிற்று.

"தம்பி, இந்த இரைச்சல்ல ஒரு சொல்லாச்சும் உங்களுக்கு விளங்குதா?"

"இல்ல மாமா. அதுக்குத்தான் போடுறன்."

"எங்கட காலத்துப் பாட்டொண்டு போடுங்களன். கருத்திருக்கும்."

"கருத்துத்தான் மாமா கரச்சல். அந்தப் பாட்டுகள்ல, தலை நரைக்கும்மட்டும் ஒண்டா இருப்பம் எண்டு படிக்கிறாங்க."

சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். எழுபத்தாறு வயதாகிவிட்ட எனக்கு, அதைத் திரும்பக் கூட்டச் சொல்லவும் வாய் வரவில்லை.