அப்பா சாகவிடாத நாயகி

பர்மாவில் தின்கன்ஜூன் என்ற பகுதியில் நான் ஏறிய டாக்சியில் பர்மிய வானொலி நாடகம் ஓடியது. அதில் ஒரு பெண் இருமினாள். அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா வானொலிக்கு வாராவாரம் தொடர் நாடகம் எழுதினார். சமையலறையில் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் பேசிப் பார்ப்பார். அப்போது அம்மா காய்ச்சலில் கிடந்தாள். நாடகத்தின் நாயகிக்கும் நோய். அவளைச் சாகடிக்கச் சொல்லித் தயாரிப்பாளர் வீட்டுக்கே வந்தார்.

"முடியாது, சயா. வேற ஆளை வச்சி எழுதிக்குங்க" என்றார் அப்பா. சயா என்றால் பர்மியத்தில் ஐயா.

அவர் கடைசியாக எழுதிய பகுதியில் நாயகி எழுந்து நடந்தாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அவளப் பொழைக்க வச்சிட்டீங்க. உங்க வேலை?"

"சினிமாவுக்கு எழுதுறேன். நீ கஞ்சியக் குடி."

அம்மா பிழைத்துக்கொண்டாள். அப்பா பிறகு எழுதிய எந்தப் படத்திலும் நாயகி சாகவில்லை.