கோல் விழாத ஆட்டத்தில் போன தங்கம்

இன்று சாயங்காலம் ராயக்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய காபி கிளப்பில், ரேடியோவின் மேல் காதை வைத்தபடி நின்றிருந்தேன். டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹாக்கியில் நமக்கும் பாகிஸ்தானுக்கும் கடைசி ஆட்டம்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை என்றார் செய்தி வாசித்தவர். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வரியிலேயே அது போய்விட்டது. எல்லா ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் கோல் கணக்கில் அவர்கள்தான் மேலாம். அதனால் தங்கம் அவர்களுக்கு. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் நாம் இரண்டாவது.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாலிபத்தில் பெங்களூர் மைதானங்களில் ஹாக்கி மட்டை பிடித்து ஓடியவன் நான்.

அப்போது மாதப்பன் வந்தான். என் மண்டிக்குத் தக்காளி போடுகிற விவசாயி, கள்ளமில்லாத மனுஷன். முகமெல்லாம் சிரிப்பு.

“பாய், உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்களாமே! எங்களுக்கெல்லாம் ஜிலேபி இல்லியா?”

கிளப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“எங்க ஆளுங்க தோத்துட்டாங்க மாதப்பா. மத்த டீமுங்களோட ஆடறப்பவே இன்னும் நாலு கோல் போட்டிருக்கக் கூடாதா?”

அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

மாதப்பன் பதறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “தெரியாம சொல்லிட்டேன் பாய், மனசுல வெச்சுக்காதீங்க” என்று தன் துண்டை நீட்டினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

நாளைக்கு மார்க்கெட்டுக்கு வருகிற நண்பர்களே, துக்கம் விசாரிப்பதாக இருந்தால் தாராளமாக என் மண்டிக்கு வாருங்கள். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் மட்டும், தயவுசெய்து யாருக்கு என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வாருங்கள்.