புகைக்கு மார்க் போட வந்தவர்

எண்பதுகளின் நடுவில் கிழக்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஊர் என்றால் ஒரு மின் நிலையம், சுற்றிலும் பைன் மரங்கள், நாலு சர்ச். தமிழ் பேச இரண்டே குடும்பம். ஒன்று நாங்கள். இன்னொன்று மாநிலக் காற்று மாசு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மெட்ராஸ்காரரும் அவர் மனைவியும். அரிசி பருப்பு வாங்க டாலஸ் வரை ஒரே காரில் போவோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் நாலு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

என் வீட்டுக்காரருக்கு மின் நிலையத்தில் வேலை. புகைபோக்கிக்குப் போகும் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் எந்திரம் அவர் பொறுப்பு. அதில் பாதி பழுது. ரிப்பேர் செய்ய ஆலையை நிறுத்த வேண்டும்; நிறுத்த மேலிடத்துக்கு மனசு வரவில்லை. இவர் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதட்டிக் கேட்கவும் வழியில்லை. எங்கள் கிரீன் கார்டு அந்தக் கம்பெனி கையில் இருந்தது. வேலை போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும்.

மாநில அலுவலகமும் ரொம்ப நாள் கண்டும் காணாமல் இருந்தது. பிறகு மத்திய அரசின் ஃபெடரல்காரர்கள் நெருக்கினார்கள். சட்டம் எங்களுடையது, நடத்திக் காட்ட வேண்டியது நீங்கள், முடியாவிட்டால் சொல்லுங்கள், நாங்களே வருகிறோம் என்று. மாநிலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஆலைக்குப் புகை பார்க்க நம் மெட்ராஸ்காரரையே அனுப்பினார்கள்.

புகை பார்ப்பது அங்கே நிஜமாகவே ஒரு உத்தியோகம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, புகை எவ்வளவு வானத்தை மறைக்கிறது என்று கண்ணாலேயே அளந்து எழுத வேண்டும். அதற்கு வகுப்பு, பரீட்சை எல்லாம் உண்டு. புகைக்கு மார்க் போடச் சம்பளமா என்று நான் எத்தனையோ தடவை அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, இந்தக் கேஸ் முடியற வரைக்கும் உங்க வீட்ல நாங்க கை நனைக்கக் கூடாது. ரூல்ஸ் அப்படி. ஒரு காபி கூட ஆகாதாம்."

நம் பக்கத்தில் பகை உள்ளவன்தான் வீடு வரை வந்து கை நனைக்காமல் போவான். எனக்குச் சுருக்கென்றது. என் மீன்குழம்பில் லஞ்சமா கலந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் மனைவி அழுதுகொண்டே காருக்குப் போய்விட்டாள். அன்று ஆக்கியது எங்கள் இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் அவர் பக்கம்தான் பேசினார். அவன் ஸ்ட்ரிக்டாக எழுதட்டும், அப்போதாவது மேலிடம் ரிப்பேருக்கு ஒத்துக்கொள்ளும் என்றார். அதை மனசார நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

மேகமில்லாத ஒரு காலையில் ஆலைக்கு எதிரே, ரோட்டோரம், மெட்ராஸ்காரர் தனியாக அண்ணாந்து நின்றதைப் பார்த்தேன். ஹாரன் அடிக்காமல் கடந்து போனேன். உள்ளதை உள்ளபடி எழுதினார். விதிமீறல் என்று ஆலைக்கு நோட்டீஸ் வந்தது. பராமரிப்பில் கவனக்குறைவு என்று சொல்லிக் கம்பெனி என் வீட்டுக்காரரை வேலையை விட்டு நீக்கியது. ரிப்பேர் வேண்டும் என்று இவர் கேட்டது அங்கே ஒருவர் ஞாபகத்திலும் இல்லை.

நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மெட்ராஸ்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கேஸை மூடிட்டாங்க அண்ணா. பிளான்ட் குறையைச் சரிபண்ண கரெக்டிவ் ஆக்‌ஷன் எடுத்துடுச்சுன்னு ஃபெடரலுக்கு ரிப்போர்ட் போயாச்சு."

ஆலையை நிறுத்தினார்களா என்று இவர் ஆவலாகக் கேட்டார்.

"இல்லண்ணா. எந்திரத்துல கையே வைக்கல. உங்களை வேலையிலிருந்து எடுத்ததைத்தான் ஆக்‌ஷன்னு காட்டியிருக்காங்க."

இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, கையில் பாதி மடித்திருந்த சட்டையை மடித்து முடித்தார். ஜன்னலில் புகை வழக்கம்போலத் தெரிந்தது. அந்த வருஷம் அந்த ஊர்க் காற்றிலிருந்து அவர்கள் வடிகட்டி எடுத்தது எங்களை மட்டும்தான்.