சனிக்கிழமை எழுதினால் ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம்

வலைப்பூ எழுதும் பழக்கம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. என்னோடு ஆரம்பித்தவர்கள் எல்லாம் முகநூலுக்குப் போனார்கள், அங்கிருந்து வீடியோ எடுக்கப் போனார்கள். பழைய வாடகை வீட்டைக் காலி செய்ய மனமில்லாத குடித்தனக்காரரைப் போல நான் மட்டும் அங்கேயே இருந்தேன். அதற்குச் சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, ஆரம்பித்த நாளில் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்: வாரம் தவறாமல் சனிக்கிழமை மாலை ஒரு பதிவு. சொன்ன நாளில் சொன்னபடி எழுதினால்தான் வாசகர்கள் நிலைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். வாசகர்கள் நிலைக்கவில்லை, சட்டம் நிலைத்துவிட்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. எங்களுக்கு வாரத்திலேயே மோசமான நாள் சனிக்கிழமைதான். கன்டெய்னர் கிளம்ப வேண்டும், பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு அட்டைப்பெட்டி குறையும், முந்தின இரவு வெளிநாட்டுப் பையர் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு என்ன எழுதுவது என்ற கவலை பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஞாயிறு மதியம் உட்கார்ந்து நாலைந்து பதிவுகளைச் சேர்த்து எழுதி, தானாக வெளியாகும்படி தேதி போட்டு வைத்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவை தீர்ந்ததும் பழைய கதைதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்குப் புதிய போதகர் மாற்றலாகி வந்தார். பெண்கள் ஐக்கியத்தில் யாரோ சொல்லி என் வலைப்பூ அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மாதனூர்ப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி ஒரு வாரம் எழுதியிருந்தேன். ஒரு பெண் தன் தோழிக்காக ஜன்னலோரத்தில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். தோழி அன்று வேலைக்கு வரவில்லை. ஆனாலும் ஆம்பூர் வரும்வரை அந்த இடத்தில் அவள் யாரையும் உட்கார விடவில்லை. பதிவு வந்த மறுநாள் ஆராதனையில் போதகர் மேடையேறி, “நான் ஒருநாள் பஸ்ல வரும்போது ஒரு காட்சியப் பாத்தேன்” என்று ஆரம்பித்தார். ஜன்னல், துப்பட்டா, வராத தோழி எல்லாம் வந்தன. அப்படித்தான் பரலோகத்தில் நமக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று முடித்தார். என் பக்கத்திலிருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் பஸ்ஸில் போய் நான் பார்த்ததே இல்லை. அவரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது.

தற்செயல் என்று நினைக்கவும் வழியில்லை. ஒரே பெட்டியில் இரண்டு இடது கால் ஷூக்களை வைத்து அனுப்பிவிட்ட கதையை எழுதினேன். அதை ஒரு கல்யாண ஆராதனையில் மணமக்களுக்குப் புத்திமதியாக்கிவிட்டார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த ரெண்டு ஷூ நாமதானே?” என்றார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர் அவர். எதையும் சாம்பிளாகத்தான் பார்ப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு தடவை, இது நம் சபையில் ஒரு அம்மா எழுதியது என்று போதகர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. பெயர்கூட வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஞாயிறுதோறும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்லவே மாட்டார். நேரில் போய்க் கேட்கவும் துணிச்சல் இல்லை. போதகரிடம் போய் என்னுடையதைத் திருடுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பதிலாக போன் வந்தது. ஒரு சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். “என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னும் ஒண்ணும் போடலியே?”

“ஷிப்மென்ட் ஜாஸ்திங்க ஐயா. இதோ போட்டுடறேன்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கம்பெனியில் ஒரு மேனேஜர் போதாதென்று சபையிலும் ஒரு மேனேஜர். அதற்குப் பிறகு பதிவு தாமதமானால் போன் வந்துவிடும்.

“இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நிறுத்திட்டுப் போயேன்” என்றார் கணவர். நிறுத்தலாம்தான். நிறுத்தினால் அந்த வாக்கியம் ஒருநாளும் வராது. அதனால் எழுதினேன்.

இந்த வருடம் ஆர்டர் குவிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனை முடிந்ததும் ஆபீசுக்கு ஓட வேண்டியிருந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. மனதில் இருந்ததை அப்படியே எழுதினேன். களைப்பாக இருக்கிறது, உடம்புக் களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும், இது போகவில்லை, வாராவாரம் ஏதாவது நல்லதாகச் சொல்லியே ஆகவேண்டிய களைப்பு இது, இந்த வாரம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இதை வைத்து என்ன பிரசங்கம் செய்கிறார் பார்க்கலாம் என்ற வீம்பும் இருந்தது.

மறுநாள் போதகர் மேடையேறிக் கண்ணாடியைத் துடைத்தார். “இந்த வாரம் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றார். தூங்கினாலும் போகாத களைப்பு, நல்லதாகவே சொல்ல வேண்டிய களைப்பு என்று வரிக்கு வரி தன்னுடையதாகவே சொன்னார். ஆனால் பாதியில் குரல் கம்மிவிட்டது. அவர் நடிக்கவில்லை என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. சபைக் கமிட்டிக்காரர்கள் அன்றே கூடிப் பேசி, மேலிடத்தில் சொல்லி, அவருக்கு ஒரு மாதம் ஓய்வு வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் ஒடுகத்தூர்ப் பக்கம் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. நானும் எழுதவில்லை. அடுத்த வாரமும் எழுதவில்லை. யாராவது ஏன் என்று கேட்பார்களா என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பார்வையாளர் கணக்கைத் திறந்தால் பூஜ்யம். முன்பெல்லாம் வாரத்துக்குப் பத்து, பதினைந்து என்று காட்டும். யாரோ பத்துப் பேர் படிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஆள் பிரசங்கத்துக்காகத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே வாசகர் அவர்தான்.

வெட்கத்தை விட்டு நானே போன் செய்தேன். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. “உடம்பு எப்பிடி இருக்குதுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“பரவால்லம்மா” என்றார். பிறகு, “அன்னிக்கு நான் சொன்னது உங்க வார்த்தைம்மா. அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லாமே உங்க வார்த்தைதான். லீவு மட்டும் எனக்குக் கெடச்சிடுச்சு. நீங்களும் கொஞ்ச நாள் எழுதாம இருங்க” என்றார்.

இத்தனை நாள் காத்திருந்தது வந்தேவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சரிங்க ஐயா” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. சபையே கேட்டிருக்க வேண்டிய வாக்கியம், கடைசியில் எனக்கும் ஒடுகத்தூரில் ஒரு மாட்டுக்கும் மட்டும்தான் கேட்டது.