நீ எந்த வீட்டுப் பிள்ளை?

பியாட்ரிஸ் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயிலுக்கு எதிரிலேயே மாடி வீடு. சாயங்காலமானால் பாடகர் குழுவின் ஒத்திகை ஜன்னல் வழியாக வந்துவிடும். ஜன்னலைச் சாத்துவாள், உடனே திறப்பாள். தன் இடத்தில் ரெனிட்டா நின்று பாடுகிறாள், அதுவும் நன்றாகப் பாடுகிறாள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். நோய் எதிர்ப்புச் சக்திக்கு அவளிடம் ஒரே உதாரணம், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் எங்கள் பெண்மணிகள். புது முகம் தெரிந்தால் போதும், “நீ எந்த வீட்டுப் பிள்ளை?” என்று மடக்கிவிடுவார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் அப்படித்தான், நம்ம ஆளா வேற்றாளா என்று பார்த்துத்தான் விடும். ஒருமுறை பகைத்தவனை லேசில் மறக்கவும் மறக்காது. அதிலும் எங்கள் பெண்மணிகள் சளைத்தவர்கள் இல்லை.

அப்படிப்பட்டவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மந்தைவெளி பஸ் டிப்போவில் மெக்கானிக்கான கணவன் ஜாஸ்பர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். எவ்வளவு பிரியமாகக் கொடுத்தாலும் அணுக்களுக்கு அது வேற்றாள்தான். அவை அதைத் துரத்தாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். மாத்திரையால் இந்தக் காவல் அடங்கினால் கண்ட கிருமியும் நுழையும், அதனால் கொஞ்ச காலம் கூட்டத்தில் சேரக் கூடாது என்றார் டாக்டர்.

தேர்த் திருவிழா வந்தது. குழுவில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. டாக்டர் சொன்னதை மதித்தார்கள், பாவம். அவளுக்கோ ஒதுக்கிவிட்டார்கள் என்றே பட்டது. ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் புத்தி போன போக்கைப் பாருங்கள். மாத்திரையைச் சில நாள் விட்டால் எதிர்ப்புச் சக்தி திரும்பிவிடும், தேரன்று பாடிவிட்டு மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினாள். ஜாஸ்பர் எதிரில் மாத்திரையை வாயில் போடுவாள், அவன் நகர்ந்ததும் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பிவிடுவாள்.

தேரன்று நீலப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். ஜாஸ்பர் தடுப்பான் என்று சண்டைக்குத் தயாராகவே இருந்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான்.

“ஃபாதராண்ட பேசிட்டேன், பியா. கும்பல்ல நிக்க வேணாம், மாஸ்க் போட்டுக்கினு கோயில் மேல்மாடில தனியா நின்னு பாடு. என் கிட்னியும் உன்கூட கோயிலுக்கு வரட்டுமே.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஜாஸ்பர் விலாவில் இருந்த தழும்பின் மேல் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அவங்க உன்ன சேத்துக்கணும்னு, என்னையா வெளிய தள்ளப் பாத்தே?”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். தேர்க் கூட்டத்தில் ஆட்டோ நின்று நின்று நகர்ந்தது. கோயில் வாசலில் நின்ற பெண்மணிகள் கையசைத்தார்கள், ரெனிட்டா பாடுவது உள்ளேயிருந்து கேட்டது. பியாட்ரிஸ் எதையும் கவனிக்கவில்லை. அவன் சிறுநீரகத்தை வைத்த அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டு, “இவர் எங்க வீட்டு ஆளு, இவர் எங்க வீட்டு ஆளு” என்று வழியெல்லாம் உள்ளே இருக்கும் காவலிடம் கெஞ்சிக்கொண்டே போனாள்.