தோத்தேன்

இந்த ஊரில் யாராவது புதிர் போட்டு நாம் கொஞ்சம் யோசித்தால் போதும், "கிவ் அப்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார்கள். லீட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி மொரீன் முதல்முறை அப்படிக் கேட்டபோது, படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறாயா என்கிறார் போல என்று பதறி, "நோ, நோ, ஐ வில் பாஸ்!" என்றேன். இங்கே புதிரில் "பாஸ்" என்றால் தெரியாது, அடுத்தவரைக் கேள் என்று அர்த்தமாம். அந்த வீடே சிரித்தது.

குரும்பலூர்ப் பக்கம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அரைப்பரீட்சை லீவு. செலவில்லாத விளையாட்டு விடுகதைதான். விடை வேண்டுமென்றால் "தோத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா சொன்னதே இல்லை. வெங்காய மூட்டையோடு நான் போட்ட விடுகதையையும் சுமந்துபோய், மண்டியிலிருந்து போன் போட்டு, "பாப்பா, பம்புசெட்டு! சரியா?" என்று கத்துவார். அவராகவும் கட்டுவார்: "பல்லு பூரா மொளைச்சிடுச்சு, தாடியும் வச்சிடுச்சு, இன்னும் ஆத்தா இடுப்ப வுட்டு எறங்கல. அது யாரு?" எங்கள் கொல்லையில் வருஷா வருஷம் விளைகிற மக்காச்சோளம்தான்.

ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சு வரவில்லை. தினமும் எதையாவது கேட்டுப் பேசவைக்கச் சொன்னார் டாக்டர். நான் செமஸ்டர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மொரீன் வீட்டில் ஹீட்டரையே செலவை யோசித்துத்தான் போட்டார்கள். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிய கேள்விகளே கொண்டாட்டம். நடுவில் அம்மாவின் வீடியோ கால் வந்தது. உங்க அப்பாவையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்றார் மொரீன். எனக்கு ஒரே உற்சாகம். அப்பா கட்டிய விடுகதையையே அவரிடம் போட்டேன். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துவிடும் என்று நம்பினேன்.

அப்பாவின் உதடு கோணியது. "ம்... ம்..."

"சொல்லுங்க, நீங்க போட்டதுதான!" என்றார் அம்மா. "என்னைத் திட்டுறதுக்காச்சும் வாயத் தொறங்க."

அப்பா என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. பிறகு, மெதுவாக, தெளிவாக, "தோத்தேன்" என்றார்.

"பேசிட்டாருடி! பாப்பா, உங்கப்பா பேசிட்டாருடி!" அம்மா அழுதுகொண்டே கைதட்டினார். அந்தச் சத்தம் கேட்டு இங்கேயும் எல்லாரும் கைதட்டினார்கள்.

"சரியாகச் சொன்னாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மொரீன்.

"யெஸ்" என்றேன்.

காலண்டர்த் தாளில் என் பெயருக்குக் கீழே "டாட்" என்று அப்பாவையும் எழுதி, ஒரு பாயிண்ட் போட்டார்.